பூசைப்பாத்திரமும் சோற்றுப்பானையும்



ஞாயிறுதோறும் திவ்விய பலிபூசை காண்கிறோம். குருவானவர் அப்பத்தைக் கையில் எடுக்கிறார். பாத்திரத்தில் திராட்சை இரசத்தை வார்த்து, அதில் சிறிது தண்ணீரும் சேர்க்கிறார். சற்று நேரத்துக்குள் அவை சேசுநாதருடைய திருச்சரீரமும் திரு இரத்தமும் ஆகின்றன என்று விசுவசித்து முழந்தாளிடுகிறோம். ஆனால் அந்த அப்பமும் இரசமும் எந்த மண்ணில் விளைந்தவை, யார் யார் கை பட்டு வந்தவை, ஆண்டவர் ஏன் அவற்றைத் தெரிந்துகொண்டார் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? நினைத்துப் பாராதவன், பீடத்தில் இருக்கும் பாத்திரத்துக்கும் தன் வீட்டு அடுப்பில் இருக்கும் பானைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எண்ணிவிடுகிறான். அந்த எண்ணம் ஆத்துமத்துக்கு எவ்வளவு கேடானது என்பதையே இன்று தியானிப்போம்.

1. நம் ஊரில் விளையாத இரண்டு பயிர்கள்

நாம் குடியிருக்கும் இந்தக் கடற்கரையைப் பாருங்கள். இராயபுரம் தொடங்கி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாய் எண்ணூர் வரைக்கும் ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஆலைகள், கிடங்குகள், ரயில் பாதை. உப்புக்காற்றைத் தாங்கித் தென்னை நிற்கும். எண்ணூரைத் தாண்டினால் அங்கங்கே பனை நிற்கும். கொல்லை உள்ளவர் வீட்டில் ஒரு முருங்கை. கொல்லை இல்லாதவர் வீட்டு வாசலில் பழைய பெயிண்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. இவ்வளவுதான் நம் தோட்டம். கோதுமைக் கதிரையும் திராட்சைக் கொடியையும் நம் பிள்ளைகள் படத்தில் பார்த்ததோடு சரி.

இருந்தாலும் திருச்சபை இதில் விட்டுக்கொடுப்பதில்லை. அப்பம் வேறு கலப்பில்லாத கோதுமையால் செய்ததாக இருக்க வேண்டும். இரசம் திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாய் உண்டானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும். 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இதுவே விதி. 1983-ம் ஆண்டுத் தொகுப்பிலும் இதுவே விதி. 2017-ல் உரோமையிலிருந்து மேற்றிராணிமாருக்கு வந்த நிருபமும் இதையே நினைவூட்டிற்று.

"சோறு உண்கிற நமக்கு அரிசி அப்பம் போதாதா? தென்னையும் பனையும் இருக்க, எங்கேயோ விளையும் திராட்சை எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. பதில் இதுதான்: ஆண்டவர் கடைசி இராப்போசனத்தில் எதைக் கையில் எடுத்தாரோ, அதையே நாமும் எடுக்கிறோம். எருசலேமில் அந்த மேல்வீட்டில் நடந்த பந்தியும் இங்கே நம் பீடத்தில் நடக்கிற பந்தியும் இரண்டல்ல, ஒன்றே. முற்காலத்தில் இந்தியக் கரையில் திராட்சை இரசம் கிடைப்பது அரிதாயிருந்தபோது, மலையாள நாட்டில் இருந்த அர்ச். தோமையார் கிறிஸ்தவர்கள் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்தாவது பலி ஒப்புக்கொடுத்தார்கள் என்று சரித்திரம் சொல்லுகிறது. அவ்வளவு பற்றுதல்!

இனி, அந்தக் கோதுமை வரும் வழியைக் கவனியுங்கள். பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகிய வடநாட்டு வயல்களில் அது பனிக்காலத்தில் வளர்ந்து, பங்குனி சித்திரையில் அறுவடையாகிறது. உழுதவன் ஒருவன், அறுத்தவன் ஒருவன், மூட்டை கட்டியவன் ஒருவன், வண்டியில் ஏற்றியவன் ஒருவன். 1950-களிலும் 60-களிலும் நாட்டில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாய் இந்தியத் துறைமுகங்களில் வந்திறங்கியது. நம் சென்னைத் துறைமுகமும் அதற்கு வாசலாயிருந்தது. அந்தத் தானியத்தை இறக்கியவர்களில் இந்தக் கரையின் உழைப்பாளிகளும் உண்டு.

மற்றவர் விளைவித்ததை ஏற்றுவதும் இறக்குவதும் இந்த ஊருக்குப் பழைய தொழில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் புறப்பட்டது நம் இராயபுரம் ஸ்டேஷனிலிருந்தே. அதற்கு முன்பே, கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையில் படகு தள்ளிப் பிழைத்த படகோட்டிகள், தங்கள் சம்பாத்தியத்தில் அர்ச். இராயப்பருக்குக் கோயில் எழுப்பினார்கள். அந்த இராயப்பர் பெயராலேயே இவ்வூர் இராயபுரம் ஆயிற்று என்பர். அவர்களுக்கு வயலும் இல்லை, திராட்சைத் தோட்டமும் இல்லை. வியர்வை இருந்தது, அதைக் காணிக்கை வைத்தார்கள். இன்றும் காணிக்கை ஜெபத்தில் குருவானவர் மண் தந்ததை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. மனிதன் கை செய்த வேலையையும் சேர்த்தே சர்வேசுரனுக்கு ஒப்புக்கொடுக்கிறார். ஆகையால் மூட்டை தூக்குகிறவனே, வலை இழுக்கிறவனே, ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவனே, உன் உழைப்பும் அந்தத் தட்டில் இருக்கிறது.

திராட்சையைக் காண வேண்டுமானால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். நம் பழைய ஞானப் புத்தகங்களில் முந்திரிகை என்று வாசிப்பது இந்தத் திராட்சையையே. முந்திரிப்பருப்பு தரும் மரத்தை அல்ல. 1895-ல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் அந்தப் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் முதலிய ஊர்ப்பக்கங்களில் பந்தல் பந்தலாய்ப் பன்னீர்த் திராட்சை தொங்குகிறது. தமிழ்நாட்டுக்கு இந்தக் கொடியை 1832-ல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று சொல்லப்பட்டு வருகிறது. 2023-ல் இந்தப் பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறிடங்களில் ஆண்டில் சில மாதமே பழம் இருக்க, அங்கே ஆண்டு முழுதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கிறது.

அந்தக் குடியானவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்றுக்குக் கவாத்து என்று பெயர். செழித்துப் படர்ந்த கொடியைக் கத்தி கொண்டு வெட்டிவிடுகிறார்கள். அறியாதவன் பார்த்தால், பயிரை அழிக்கிறார்களே என்று பதறுவான். ஆனால் வெட்டியபின்தான் கொடி புதிதாய்த் துளிர்த்துக் குலை தள்ளும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் கைக்கு வரும். வெட்டாமல் விட்ட கொடி இலையாய் மண்டிப்போகும். தாம் திராட்சைக் கொடி என்றும், தம்முடைய பிதா தோட்டக்காரர் என்றும் சேசுநாதர் சொன்னபோது, இந்தக் கவாத்தைத்தான் மனதில் வைத்துப் பேசினார்.

2. பிழியப்பட்ட பழம்

பழம் குலையில் தொங்கினால் மட்டும் இரசம் ஆகுமா? ஆகாது. அதைப் பிழிய வேண்டும். கோதுமையும் அப்படியே, மணியாக இருக்கும்வரை அது அப்பமல்ல. அதை அரைக்க வேண்டும், பிசைய வேண்டும், நெருப்பில் சுட வேண்டும். ஒன்று அரைபட்டு மற்றவர்க்கு உணவாகிறது. ஒன்று பிழியப்பட்டு மற்றவர்க்குச் சந்தோஷமாகிறது. தாம் நமக்காகப் படப்போகிற பாடுகளை முன்னிட்டு, அரைபட்டதும் பிழியப்பட்டதுமான இரண்டையும் ஆண்டவர் கையில் எடுத்தார் என்று தியானிப்பது எவ்வளவு பொருத்தம்!

இப்போது கானாவூர்க் கலியாணத்தை நினையுங்கள். நடுப் பந்தியில் இரசம் தீர்ந்துபோயிற்று. வீட்டாருக்கு எவ்வளவு தலைகுனிவு! கலியாண வீட்டில் சோறு பற்றாமற்போனால் நமக்கு எப்படி இருக்கும்? அந்தக் குறையைச் சேசுநாதரிடம் சொன்னவர் தேவமாதா. கேட்காமலே பிறர் வீட்டுக் குறையை அறிவது தாயுள்ளம். சேசுநாதர் 6 கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்று அருளப்பர் எழுதுகிறார். அக்காலத்து அளவைக் கணக்கிட்டால் மொத்தம் ஏறக்குறைய 470 முதல் 700 லிட்டர் வரை ஆகும். ஊர் கூடிய ஒரு கலியாணம் தலைகுனியாமல் நடந்து முடிய அது போதும்.

இதோடு வேறு இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பாருங்கள். வனாந்தரத்தில் 40 நாள் ஒருசந்தியாயிருந்து பசித்தபோது, கல்லை அப்பமாக்கிக்கொள்ளும்படி பசாசு சொல்லிற்று. ஆண்டவர் ஆக்கிக்கொள்ளவில்லை. தம் பசிக்காக ஒரு புதுமையும் செய்யாதவர், பிறர் வீட்டு மானத்துக்காகத் தண்ணீரை இரசமாக்கினார்! பிறகு கல்வாரியில், சிலுவையில் அறையுமுன், வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை அவரிடம் நீட்டினார்கள். அது நோவை மரக்கச் செய்யும் பானம். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பிறர் சந்தோஷப்படும்படி இரசம் கொடுத்தவர், தம் நோவு மறக்கும்படி அதைக் குடிக்கவில்லை.

"உடம்பு வலி தாங்கவில்லை, அதற்காகக் குடிக்கிறேன்" என்று சொல்லும் சகோதரனே! உன் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. விடியுமுன் கடலுக்குப் போய் வருகிறவனுக்கும், நாளெல்லாம் சுமை தூக்குகிறவனுக்கும் உடம்பு வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் நீ குடித்து மறக்கிற வலி எங்கே போகிறது? உன் உடம்பை விட்டு இறங்கி, உன் பெண்சாதி முதுகிலும் உன் பிள்ளைகள் வயிற்றிலும் அல்லவா ஏறிக்கொள்கிறது! சேசுநாதர் தாமே பிழியப்பட்டுப் பிறருக்குப் பானமானார். குடிகாரனோ தன் பானத்துக்காகப் பிறரைப் பிழிகிறான்.

3. கொரிந்து நகரத்துப் பந்தி

கொரிந்து நகரமும் நம் ஊரைப்போல் துறைமுகப் பட்டணம். அதற்கு மேற்கே ஒரு துறை, கிழக்கே ஒரு துறை. கப்பலும் வியாபாரமும் சுமைகூலிகளும் அடிமைகளும் நிறைந்த இடம். அர்ச். சின்னப்பர் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கி வேதம் போதித்தார். அவர் புறப்பட்டுப் போனபின், அந்தச் சபையில் நற்கருணைப் பந்தி எப்படி நடந்ததென்று கேள்விப்பட்டு மனம் நொந்து, ஏறக்குறைய கி.பி. 55-ம் ஆண்டில் அவர்களுக்கு நிருபம் எழுதினார். வசதியுள்ளவர்கள் தங்கள் உணவைக் கொண்டுவந்து, காத்திராமல் உண்டு குடித்துவிட்டார்கள். நாள் முழுதும் வேலை செய்து பிந்தி வந்த ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று வேத சாஸ்திரிகள் விளக்குகிறார்கள். ஒரே பந்தியில் ஒருவனுக்கு வயிறு காலி. பக்கத்தில் ஒருவனுக்கு வெறி. இது ஆண்டவருடைய பந்தியே அல்ல என்று சின்னப்பர் கண்டித்தார். பக்கத்திலிருப்பவன் பசியை மதியாமல் அந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவன், தனக்கே தீர்ப்பைக் குடிக்கிறான் என்று நடுங்கும்படி எழுதினார்.

கிறிஸ்தவர்களே, கொரிந்து நகரம் தூரத்தில் இல்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே குடும்பத்தில், ஒருவன் வெறித்திருக்க மற்றவர் பசித்திருந்தால் அதுவே கொரிந்து. சம்பள நாள் மாலையில் எத்தனை தாய்மார் அடுப்பைப் பற்றவைக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! பள்ளிக்கூடப் பணம், வாடகை, மளிகைக் கடன் எல்லாம் ஒரு பாட்டிலுக்குள் போய்விடுகின்றன. மறுநாள் ஞாயிறு, அதே மனிதன் குளித்து, வெள்ளை உடுத்தி, நன்மை வாங்க வரிசையில் நின்றால், சின்னப்பர் அவனிடம் என்ன சொல்லுவார்?

"சேசுநாதரே இரசம் குடித்தாரே, தவறா?" என்று சிலர் கேட்பார்கள். இரசம் தவறு என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை. மனிதன் மனம் மகிழும்படி ஆதியிலிருந்தே சர்வேசுரன் தந்த கொடை அது என்று வேதாகமம் போற்றுகிறது. வயிற்று நோவுக்காகச் சிறிதளவு இரசம் சேர்த்துக்கொள்ளும்படி சின்னப்பரே தீமோத்தேயுவுக்குப் புத்தி சொன்னார். ஆனால் அக்காலத்தில் அதில் தண்ணீர் கலந்து, உணவோடு, குடும்பத்தோடு குடிப்பது வழக்கம். இயற்கையான திராட்சை இரசத்தில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்களவே மதுசாரம் இருக்கும். கடையில் விற்கும் பிராந்தியிலோ நூற்றுக்கு 42.8 பங்கு. பிராந்தி என்றால் முறைப்படி திராட்சை இரசத்தைக் காய்ச்சி வடித்ததுதான். நம் நாட்டில் மலிவாய் விற்பது பெரும்பாலும் கரும்பாலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தது. கானாவூர்ச் சாடிக்கும் அதற்கும் என்ன உறவு? மேலும், திராட்சைத் தோட்டம் வைத்த நோவே தன் தோட்டத்து இரசத்தாலேயே மதிமயங்கித் தன் பிள்ளைகளுக்கு முன் அவமானப்பட்டதையும் அதே வேதாகமம் மறைக்கவில்லை. நல்ல கொடையும் கெட்ட கையில் கெட்டுப்போகும்.

நம் பனை மரத்தைப் பாருங்கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் அது பதநீர். குழந்தைக்கும் கொடுக்கலாம், காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கினால் சில மணி நேரத்துக்குள் புளித்துக் கள்ளாகும். வித்தியாசம் மரத்தில் இல்லை, கலயத்தில் இருக்கிறது. சர்வேசுரன் தரும் கூலியும் பலமும் சந்தோஷமும் அந்தச் சாறு போன்றவை. தேவபயம் என்னும் சுண்ணாம்பு உன் இருதயத்தில் தடவியிருக்கிறதா என்று பார்.

சட்டம் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிடவும் முடியாது. மதுவிலக்கு 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948-ல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971-ல் நீங்கியது, 1974-ல் திரும்ப வந்தது, 1981-ல் மறுபடியும் போயிற்று. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது. கள்ளச்சாராயமோ உயிரையே குடிக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் என்னும் மீனவக் குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மாண்டார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். அவர்களும் கூலி வேலைக்குப் போய் வந்தவர்களே. சட்டம் வரும், போகும். ஒவ்வொருவனும் தன் வாசற்படியில் எழுதிக்கொள்ளும் சட்டம் ஒன்று வேண்டும்.

குடியாதவர்களே, நீங்களும் கேளுங்கள். சின்னப்பர் கண்டித்தது வெறித்தவனை மட்டும் அல்ல. பக்கத்தில் பசித்தவன் இருக்கத் தான் மட்டும் உண்டவனையும் கண்டித்தார். பெருமைக்காக வட்டிக்கு வாங்கி விருந்து வைத்து, இலையில் பாதியை எறிகிறோமே, அது யார் சோறு? வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பழையதை மட்டும் ஒதுக்கி வைக்கிறோமே, அது எந்தப் பந்தி? 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து மீன்பிடி நின்றபோது, அந்தக் குப்பங்களில் அடுப்பு எரிகிறதா என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? மதுவைத் தொடாத கையும் மூடிய கையாயிருக்கலாம்.

குடியில் விழுந்தவனை ஏளனம் செய்யாதீர்கள். அது பாவமாய்த் தொடங்கி வியாதியாய் முடிகிறது. நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். ஆகையால் ஜெபத்தோடு வைத்தியரும் வேண்டும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. குடியை விட்டவர்களே கூடி ஒருவரையொருவர் தாங்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவு 1935-ல் அமெரிக்காவில் தொடங்கியது. சென்னையிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கையைப் பிடித்து அங்கே அழைத்துப் போவது பெரிய தர்மம்.

ஆகவே மூன்று பிரதிக்கினை செய்துகொள்வோம். ஒன்று: சம்பளமோ கடல் பங்கோ கைக்கு வந்த அன்று, அது முதலில் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், சோற்றுப்பானை நிறைந்த பின்பே மற்றதெல்லாம். இரண்டு: நன்மை வாங்கப் போகுமுன், "என்னால் என் வீட்டில் யாராவது பசித்திருக்கிறார்களா, அழுதிருக்கிறார்களா?" என்று நம்மையே கேட்போம். ஆம் என்று மனச்சாட்சி சொன்னால், முதலில் வீட்டில் சமாதானம், பிறகு பாவசங்கீர்த்தனம், அதன்பின் பந்தி. மூன்று: வாரத்தில் ஒரு நாள், நம் பானையில் ஒரு பிடி அரிசி, அடுப்பெரியாத பக்கத்து வீட்டுக்கு.

நம் மண்ணில் கோதுமையும் விளையாது, திராட்சையும் விளையாது. நம் வீடுகளில் விளையக்கூடியது ஒன்று உண்டு: தான் குறைத்துக்கொண்டு பிறரை நிறைக்கும் சிநேகம். அதைக் காணிக்கையாய்க் கொண்டுவந்து வைப்போமானால், குருவானவர் உயர்த்தும் பாத்திரத்தில் நம் வீட்டுப் பானையும் சேர்ந்து உயரும்.

கானாவூர்க் கலியாணத்தில் குறை கண்டு பரிந்து பேசிய தேவமாதாவே! எங்கள் வீடுகளில் இரசமல்ல, சோறே குறைவுபடுகிறதைப் பாரும். உம் திருக்குமாரனிடம் எங்களுக்காகச் சொல்லும். அவர் சொல்லுகிறதைச் செய்ய எங்களுக்கு மனம் தரும்படி மன்றாடும். ஆமென்.